வெள்ளிக்கிழமை முசாங்

கூட்டுக்குக் கீழே இரத்தமும் இறகுமாகக் கிடந்தது. நேற்று மாலைவரை மைமூனின் கையில் ஏறி நின்று தவிடு கொத்திய சிவப்புப் பெட்டையின் இறக்கை ஒன்று மட்டும் முழுசாக இருந்தது. கூட்டின் மூங்கில் பட்டைகள் இரண்டு உடைந்து உள்பக்கமாக மடங்கியிருந்தன. போன வாரம் கறுப்புப் பெட்டை. இன்று இது.

"இதுவும் போச்சா?" என்று அடுக்களை வாசலிலிருந்து கேட்டாள் அவள் உம்மா ஹலீமா. கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

மைமூன் நிமிர்ந்தாள். "இதுல சிரிக்கிறதுக்கு என்ன உம்மா இருக்கு?"

"ஒரு முசாங்கை நிறுத்தத் துப்பில்ல. இவளுக்குத் தனி வீடு வேணுமாம், தனி அடுப்பு வேணுமாம்."

மரநாயைத்தான் இந்த ஊரில் முசாங் என்பார்கள். பூனையைவிட நீளம். கூரைமேல் ஓடும், கிளைவிட்டுக் கிளை தாவும், காய்ந்த மூங்கிலை முறுக்குப்போல் கடித்து நொறுக்கும். சிராங்கூன் சாலையிலிருந்து மாட்டுக் கொட்டகைகளைத் தாண்டி உள்ளே போகும் அந்தச் சந்தில் வீட்டுக்கு வீடு கோழி வளர்த்தார்கள். வீட்டுக்கு வீடு முசாங்கையும் ஏசினார்கள்.

மைமூன் இறக்கையை எடுத்துக் குப்பைக் குழியில் போட்டாள். உம்மா சிரித்தது காதை விட்டுப் போகவில்லை.

அவர்கள் காயல்பட்டினத்து வழக்கக்காரர்கள். கல்யாணமான பிறகும் பெண் தாய்வீட்டிலேயே இருப்பாள். மாப்பிள்ளைதான் வந்து போவான். மைமூனின் கணவன் ரவூப் ஆற்றங்கரையில், கப்பல்களுக்குக் கயிறும் கம்பியும் கித்தானும் விற்கிற கடையில் வேலை பார்த்தான். இரவு இஷாத் தொழுகை முடிந்து வருவான். காலையில் தேத்தண்ணீர் குடித்துவிட்டு டிராம் ஏறிப் போய்விடுவான். வெள்ளிக்கிழமை மட்டும் ஜும்மா முடிந்து பகலில் வருவான். அன்றைக்கு மாப்பிள்ளை விருந்து. பாய் விரித்து, திண்டு போட்டு உட்காரவைத்து, நெய்ச்சோறும் கோழி ஆணமும் வைப்பார்கள். வைத்ததைச் சாப்பிடவேண்டும். எங்கே வாங்கியது, யார் வாங்கியது என்று மாப்பிள்ளை கேட்கக் கூடாது. தண்ணீர்ச் செம்பைக்கூட அவனாக எடுக்கக் கூடாது. மாப்பிள்ளை கையை அழுக்காக்கி ஒரு வேலை செய்துவிட்டால் அந்த வீட்டுக்கே தலைக்குனிவு.

"விருந்தாளியாவே இருந்து எனக்கு நரைச்சிரும் போல" என்று ஒருநாள் ரவூப் சொன்னான். "ஏதாவது ஒரு வீட்டுல, ஏதாவது ஒரு கதவுக்கு நான் எண்ணெய் போடணும் மைமூன்."

அவள் அப்போது சிரித்துவிட்டாள். பிறகு யோசித்துப் பார்த்தால் அவளுக்கும் வேண்டியது அதுதான். அவள் வைத்த ஆணம் கரித்தால் கரிக்கிறது என்று அவன் சொல்லவேண்டும். அவன் சட்டையை அவள் துவைத்துக் காயப்போடவேண்டும். இந்த வீட்டில் அவன் வருவதும் போவதும், உம்மா கூட்டுகிற சபைக்கு ஒருவர் வந்துபோகிற மாதிரி இருந்தது.

சிவப்புப் பெட்டை போன அன்று வெள்ளிக்கிழமை. சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு ரவூப் தொண்டையைச் செருமினான். கம்போங் கப்போரில் ஒரு சின்ன வீடு காலியாகிறது, மாமி சம்மதித்தால் நோன்புக்கு முன்னால் அங்கே போய் இருக்கலாம் என்று நினைக்கிறோம் என்றான்.

ஹலீமா வெற்றிலைத் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். "மாமா பினாங்குலேர்ந்து வரட்டும் மாப்பிள்ளை. பேசிக்கலாம்."

"வாப்பா எப்ப வருவாங்க?" என்று மைமூன் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

அந்த வீட்டில் கேட்கக் கூடாத கேள்வி அது. அவள் வாப்பா காதர் மைதீனுக்குப் பினாங்கில் வியாபாரம் மட்டும் இல்லை, இன்னொரு குடும்பமும் இருந்தது. பெருநாளுக்கு வருவார். சில பெருநாளுக்கு வரமாட்டார்.

ஹலீமாவின் முகம் இறுகியது. "சரி, நானே சொல்லிடுறேன். கொல்லையில எட்டுக் கோழி மிச்சம் நிக்குது. நோன்புப் பிறை பாக்குற அன்னிக்கு அதுல ஆறு உசுரோட இருக்கணும். இருந்தா சாமானை நானே வண்டியில ஏத்தி விடுறேன். இல்லன்னா இந்தப் பேச்சு இனிமே இந்த வீட்டுல எழக்கூடாது. நாலு கோழியைக் காப்பாத்தத் தெரியாதவ என்னத்தக் குடும்பம் நடத்தப் போறா?"

ரவூப் வாயைத் திறப்பதற்குள், "சரி" என்றாள் மைமூன்.

"யோசிச்சுச் சொல்லு."

"சரின்னு சொல்லிட்டேன் உம்மா."

மறுநாளே அவள் பழைய மூங்கில் கூட்டைப் பிரித்து எறிந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் பிலோமினம்மாளின் கூடு இருந்தது. அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன தங்கச்சி, என் கூட்டை இப்படிப் பாக்குறே? கண்ணு பட்டுறப் போவுது" என்று குரல் வந்தது. பிலோமினம்மாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"உங்க வீட்டுக்கு முசாங் வராதாக்கா?"

"வராம என்ன. வரும், ஏறும், சறுக்கி விழும். காலைப் பாரு." கூட்டின் நான்கு மரக்கால்களிலும் மண்ணெண்ணெய் டின்னை வெட்டித் தட்டையாக்கிச் சுற்றி ஆணி அடித்திருந்தது. "தகரத்துல அதுக்கு நகம் பிடிக்காது. இதை அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வருஷம் நான் முசாங்குக்குத்தான் கோழி வளத்தேன். எங்க வீட்டுக்காரரு சொன்னா கேக்குற ஆளா? நான் ரெண்டு நாள் சோறாக்கலை. மூணாம் நாள் தகரம் வெட்டிட்டாரு."

மைமூனுக்குத் தகரம் வெட்ட ஆள் இல்லை. சந்து முனையிலிருந்த சீனத் தச்சனை வரவழைத்து, இடுப்பு உயரத்தில் நாலு கால் நட்டு, மேலே பலகைத் தளம் மட்டும் அடித்து வாங்கினாள். மற்றதை அவளே செய்தாள். டின்களைப் பிளந்து கல்லில் வைத்துத் தட்டினாள். ஓரம் கையைக் கிழித்தது. ரவூப் கடையிலிருந்து கம்பி வலை கொண்டுவந்து கொடுத்தான். விரல் நுழையும் கண். முசாங்கின் கை நுழையாது. ஆணியை மட்டும் நம்பினால் வலையைப் பிய்த்துவிடும், வலைக்கு மேலே மரச்சட்டம் வைத்து அடி என்று சொல்லிக் கொடுத்தான். அடித்துக் கொடுக்க அவனுக்கு வழியில்லை.

அந்த வாரம் வியாழக்கிழமை மாலை எட்டையும் உள்ளே விட்டு, கதவின் மரத்தாழைத் திருப்பிவிட்டு வந்தாள். வெள்ளிக்கிழமை விடிந்து பார்த்தால் ஏழு.

கதவில் தாழ் பாதி திரும்பியிருந்தது. தரையில் இரத்தம் இல்லை. ஒரு இறகுகூட இல்லை.

ஹலீமா வெள்ளிக்கிழமைகளில் விடியுமுன் சுபுஹு தொழுததும் பாசாருக்குப் போய்விடுவாள். அன்றும் வாழையிலை மூடிய கூடையோடு திரும்பி வந்தாள். மைமூன் கொல்லையிலிருந்தே சத்தம் போட்டாள்.

"தாழை மூக்கால தள்ளித் திறந்திருக்கு உம்மா அந்த நாசமாப் போன முசாங். முழுசாத் தூக்கிட்டுப் போயிருக்கு."

"ம்" என்றாள் ஹலீமா. கூடையோடு உள்ளே போனாள்.

அன்று பகல் விருந்து முடிந்ததும் மைமூன் சுத்தியலை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். இரும்புக் கொக்கி ஒன்று வாங்கி வைத்திருந்தாள். ரவூப் பின்னால் வந்தான். அவனுக்கு முன்னால் நாற்காலி வந்தது.

"உக்காருங்க மாப்பிள்ளை. வெயில்ல நிக்காதீங்க" என்றாள் ஹலீமா.

அவன் உட்கார்ந்தான். நிறையச் சாப்பிட்டிருந்தான். மைமூன் கொக்கியைப் பிடித்துக்கொண்டே சுத்தியலை ஓங்கினாள். ஆணி வளைந்தது. இன்னொன்று எடுத்தாள். அதுவும் வளைந்தது.

"ஆணியைக் கொஞ்சம் கீழ பாத்துப் பிடி" என்று ரவூப் எழுந்து கை நீட்டினான்.

"மாப்பிள்ளை" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. "அக்கம்பக்கத்துல பாத்தா என்ன நினைப்பாங்க?"

"நான் ஒண்ணும் பாக்கலைங்கம்மா" என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிலோமினம்மாள் சொன்னாள்.

ரவூப் உட்கார்ந்துவிட்டான். மூன்றாவது அடி மைமூனின் கட்டைவிரலில் விழுந்தது. அவள் விரலை வாயில் வைத்துக்கொண்டு அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நல்லா இருக்கா நாற்காலி?"

"நான் என்ன செய்யட்டும் மைமூன்? உன் உம்மா வீடு."

"கடையில கப்பல் நங்கூரத்துக்குச் சங்கிலி பூட்டுறவரு. இங்க வந்தா ஒரு ஆணிக்கு ஆகாது. சீவின இளநி மாதிரி உக்காந்திருங்க."

அவன் முகம் சிவந்தது. அவள் திரும்பவும் சுத்தியலை ஓங்கினாள். இம்முறை ஆணி இறங்கியது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆறு.

கொக்கி மாட்டியபடியே இருந்தது. தகரத்தில் கீறல் இல்லை. வலையில் ஓட்டை இல்லை. மைமூன் கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அத்தாப்பு ஓலைக் கூரைக்கும் சுவர் வலைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருப்பதை அப்போதுதான் கண்டாள். அதற்கு நேர் மேலே ரம்புத்தான் மரத்தின் கிளை, காய் சிவக்கத் தொடங்கிய கிளை, கூரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது.

அவள் கத்தியை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறினாள். ஏழெட்டு வெட்டில் கிளை முறிந்து, பழுக்கப்போகிற காய்களோடு தரையில் விழுந்தது.

ஹலீமா ஓடிவந்தாள். "உனக்கு என்ன கிறுக்கா? காய்க்கிற கிளையை வெட்டுறியே."

"முசாங் இதுலதான் வருது."

"இதுல வந்துச்சுன்னு யாரு சொன்னா?"

"வேற எதுல வரும்? சொல்லுங்க. தெரிஞ்சா சொல்லுங்க."

ஹலீமா விழுந்த கிளையைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாய் எடுத்தாள். பிறகு குனிந்து காய்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"தங்கச்சி" என்று பிலோமினம்மாள் வேலியருகே வந்து நின்றாள். "போன வெள்ளி ஒண்ணு. இந்த வெள்ளி ஒண்ணு. உங்க முசாங் கிழமை பாத்து வருதே."

"உங்களுக்கு விளையாட்டா இருக்கு."

"அதுக்கில்ல. நல்லவேளை எங்க வீட்டுல வெள்ளிக்கிழமை மாமிசம் கிடையாது. அது தெரிஞ்சுதான் உங்க பக்கம் வருது போல."

மைமூன் சிரிக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கு மறுநாள் பிறை பார்க்கும் நாள். ஆறுதான் நிற்கிறது. இன்னும் ஒன்று போனால், வருகிற வருஷங்களிலெல்லாம் ரவூப் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பான். அவள் கதவுக்குப் பின்னால் நிற்பாள்.

கூரை இடைவெளியை வலையால் அடைத்துச் சட்டம் அடித்தாள். கொக்கிக்கு மேலே ஒரு வளையம் வைத்து, அதில் மரமுளை ஒன்றைச் செருகினாள். முளையை இழுத்தால்தான் கொக்கி அசையும்.

"பேசாம ஒரு பூட்டு வாங்கித் தரட்டுமா?" என்று ரவூப் கேட்டான்.

"முசாங்குக்கு யாராவது பூட்டுப் போடுவாங்களா? அது என்ன சாவி வச்சிருக்கா?" என்று எரிந்து விழுந்தாள்.

வியாழக்கிழமை மாலை அடுப்புச் சாம்பலைச் சலித்து, கூட்டைச் சுற்றிலும் இரண்டு முழ அகலத்துக்குப் பரப்பினாள். விளக்குமாற்றின் நுனியால் தடவி மட்டமாக்கினாள். எந்தப் பக்கமிருந்து வருகிறது, எங்கே கால் வைக்கிறது என்று காலடியே காட்டிக்கொடுக்கட்டும். முளையைச் செருகினாள். ஒன்றுக்கு இரண்டு தரம் எண்ணினாள். ஆறு.

வெள்ளிக்கிழமை விடிந்தது. ஐந்து. புள்ளிக் கோழியைக் காணவில்லை. போன வாரம்தான் முட்டையிட ஆரம்பித்திருந்தது.

மைமூன் சாம்பலைப் பார்த்தாள். முசாங்கின் தடம் ஒன்றுகூட இல்லை. அடுக்களை வாசலிலிருந்து கூட்டின் கதவுவரை இரண்டு இரண்டு பட்டையாக, மரக்கட்டைச் செருப்பின் அடித்தடம். கதவருகே இரண்டும் சேர்ந்து ஆழமாகப் பதிந்திருந்தன. பிறகு திரும்பி வாசலுக்குப் போயிருந்தன. மரமுளை, அவள் செருகியதைவிட அழுத்தமாகச் செருகியிருந்தது.

அந்த வீட்டில் கட்டைச் செருப்புப் போடுகிற ஆள் ஒருத்திதான்.

கறுத்துப் போயிருந்த கட்டைவிரல் நகத்தை மைமூன் பார்த்துக்கொண்டாள். வெட்டிப் போட்ட கிளை வேலியோரத்தில் வாடிக் கிடந்தது. ஏதோ ஒரு மிருகத்தை இத்தனை நாள் வாயில் வந்தபடி ஏசியிருந்தாள். பிறகு உள்ளே போய் அடுக்களை நிலைப்படியில் உட்கார்ந்தாள். உம்மா பாசாரிலிருந்து வரும்வரை அந்த இடத்தை விட்டு எழவில்லை.

ஹலீமா வந்தாள். கூடையில் வாழையிலை மூடியிருந்தது.

"பாசார்ல கோழி நல்லா இருந்துச்சா உம்மா?"

"ம். கொழுத்த கோழி. தள்ளு, வழியில உக்காந்துக்கிட்டு."

"கொழுத்துத்தான் இருக்கும். புள்ளிக் கோழியாச்சே. நான்தானே தீனி போட்டேன்."

ஹலீமா அசையாமல் நின்றாள்.

"கட்டையைக் கழுவாம வந்துட்டீங்க. சாம்பல் ஒட்டியிருக்கு."

ஹலீமா குனிந்து கால்களைப் பார்த்தாள். பிறகு மகளைத் தாண்டி உள்ளே போய்க் கூடையை வைத்தாள். இலையை எடுத்தாள். உரித்து, அறுத்து, கழுவி, உப்புத் தடவிய கோழி. "லெப்பை வீட்டுல குடுத்து அறுத்து வாங்கினேன்" என்றாள், யாரோ கேட்டதுபோல. "வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வர்றாரு. பருப்பு ஆணம் வைக்கச் சொல்றியா?"

"மூணு வாரமும் நீங்கதானா?"

"ஆமா."

"அப்ப முசாங்குன்னு ஏன் சொன்னீங்க?"

"நான் எப்பச் சொன்னேன்? நீதான் சொன்னே. நான் பேசாம இருந்தேன்."

மைமூன் எழுந்தாள். "பேசாம இருந்தீங்களா? என் கை கிழிஞ்சப்ப பேசாம இருந்தீங்க. நகம் செத்தப்ப பேசாம இருந்தீங்க. மரத்துல ஏறி நான் கிளையை வெட்டுறேன், விழுந்திருந்தா இடுப்பு ஒடிஞ்சிருக்கும், அப்பவும் வாயைத் திறக்கலை. ஒரு வார்த்தை, நான்தான் எடுத்தேன்னு ஒரு வார்த்தை."

ஹலீமா வெங்காயத்தை எடுத்து அரியத் தொடங்கினாள். ஜும்மா முடிந்து மாப்பிள்ளை வந்துவிடுவான். "முதல் கோழி மாப்பிள்ளைக்காகத்தான். அந்த வாரம் பாசார்ல கோழிக்கெல்லாம் சீக்கு. எடுத்தேன். திரும்பி வந்தா நீ முசாங்குன்னு கத்திக்கிட்டு நிக்கிறே."

"ரெண்டாவது?"

ஹலீமா அரிந்த வெங்காயத்தை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"இன்னிக்கு எடுத்தது?"

"எண்ணித்தான் எடுத்தேன்" என்றாள் ஹலீமா. கத்தியைக் கீழே வைத்தாள். "போதுமா? எண்ணித்தான் எடுத்தேன். ஆறு அஞ்சாகணும்னு எடுத்தேன்."

இப்படி நேராகச் சொல்வாள் என்று மைமூன் எதிர்பார்க்கவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"உங்க வாப்பா அந்த ஊருல இருக்காரு. நீ கம்போங் கப்போர் போயிருவே. அப்புறம் இந்த அடுப்புல நான் யாருக்கு ஆக்குறது? எனக்கு ஒரு வாய்ச் சோத்துக்கு அடுப்புப் பத்த வைக்கணுமா? வெள்ளிக்கிழமை ஒரு ஆம்பளைச் செருப்பு வாசல்ல கிடக்கு. அது கிடக்குறதைப் பாத்துத்தான் இந்தச் சந்துல நாலு பேரு என்கிட்ட மரியாதையாப் பேசுறாங்க. உனக்கென்ன தெரியும்?"

"தெரியாது. நீங்க சொன்னாத்தானே தெரியும்?" என்றாள் மைமூன். "போகாதே மைமூன், எனக்குத் தனியா இருக்கப் பயமா இருக்குன்னு சொல்லியிருந்தா நான் போயிருப்பனா? என்ன செய்றதுன்னு மூணு பேரும் உக்காந்து பேசியிருப்போம். நீங்க பந்தயம் கட்டுனீங்க. எனக்குத் துப்பில்லன்னு சிரிச்சீங்க. அப்புறம் நான் கெலிச்சிருவேன்னு தெரிஞ்சதும் என் கூட்டுக்குள்ள கையை விட்டீங்க. முசாங் எவ்வளவோ மேல். அது பசிக்கு எடுக்கும்."

"வாயை அடக்கு. பெத்தவகிட்டப் பேசுற பேச்சா இது?"

"இல்லதான். பேச வச்சது யாரு?"

ஹலீமா மறுபடி கத்தியை எடுத்தாள். மைமூன் அன்று தேங்காய் துருவவில்லை, மசாலை அரைக்கவில்லை. ஹலீமாவே துருவி, அரைத்து, தாளித்தாள். புள்ளிக் கோழி கொதிக்கிற வாசம் வீடு முழுக்கப் பரவியது. மைமூன் கொல்லையில் மீதி ஐந்துக்கும் தவிடு பிசைந்து வைத்தாள்.

ரவூப் வந்தான். பாய் விரித்திருந்தது. ஹலீமா பெரிய சஹன் தட்டில் நெய்ச்சோற்றைக் குவித்து, மேலே கோழித் துண்டுகளை அடுக்கிக் கொண்டுவந்து வைத்தாள். அவன் கை கழுவிக்கொண்டு பிஸ்மி சொல்லப் போனான்.

மைமூன் கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை. கூடத்துக்கு வந்து அவன் எதிரே நின்றாள்.

"அது நம்ம புள்ளிக் கோழி மச்சான்."

ரவூப் நிமிர்ந்து பார்த்தான். "என்னது?"

"போன வெள்ளி சாப்பிட்டீங்களே, அதுவும் நம்மளுது. அதுக்கு முந்தின வெள்ளியும். முசாங் ஒண்ணையும் எடுக்கலை. உம்மா எடுத்தாங்க. தின்னது நீங்க."

ரவூப் முதலில் சிரித்துவிட்டான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது. மாமியைப் பார்த்தான். ஹலீமா தண்ணீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு, மறுக்காமல் நின்றாள்.

"எனக்கு எப்படித் தெரியும் மைமூன்? மாப்பிள்ளை கேக்கக் கூடாதுன்னு..."

"கேக்காதீங்க. எதையும் கேக்காதீங்க. அங்க நான் விரலை நசுக்கிக்கிட்டுக் கூடு கட்டுறேன், இங்க நீங்க திண்டுல சாஞ்சுக்கிட்டு எலும்பைக் கடிங்க. நல்ல ஜோடி."

ரவூப் சோற்றைத் தொடாமலே எழுந்தான்.

ஹலீமாவின் கையிலிருந்த செம்பு தளும்பியது. "உக்காருங்க மாப்பிள்ளை. வச்ச சோத்துலேர்ந்து எந்திரிக்கிறது இந்த வீட்டுல இதுவரைக்கும் நடந்ததில்ல."

"நடந்திருச்சு மாமி" என்றான் ரவூப். மெதுவாகத்தான் சொன்னான். ஆனாலும் அந்த வீட்டில் அவன் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. "உங்களை நான் மதிக்கிறேன். நீங்க உக்காருன்னா உக்காந்தேன், தின்னுன்னா தின்னேன். ஆனா நீங்க ஆறு கேட்டீங்க. இவ எட்டையும் காப்பாத்திட்டா. அந்தக் கூட்டை வச்ச நாள்லேர்ந்து ஒரு முசாங் உள்ள போகலை. இவ தோத்தான்னு நீங்க சொன்னா நான் மறுபடி உக்காந்து சாப்பிடுறேன். சொல்லுங்க."

ஹலீமா செம்பைக் கீழே வைத்தாள். கொல்லைப் பக்கம் கோழி ஒன்று முட்டையிட்டுக் கொக்கரித்தது. மகளையும் மருமகனையும் மாறி மாறிப் பார்த்தாள். பொய் சொல்ல வேண்டும் என்றால் இப்போது சொல்லலாம். அவளுக்கு அது வரவில்லை. பேசாமல் இருப்பதுதான் அவளுக்குத் தெரிந்திருந்தது; அதற்கும் இப்போது வழியில்லை.

"தோக்கலை" என்றாள். உடனே குரல் உயர்ந்தது. "தோக்கலை, போங்க. ரெண்டு பேரும் போங்க. சொன்ன சொல்லை நான் மாத்த மாட்டேன். ஆனா அந்த வீட்டு வாசலை நான் மிதிக்க மாட்டேன். வா வான்னு ஆள் அனுப்பாதீங்க."

"அனுப்பலை" என்றாள் மைமூன். "வந்தீங்கன்னா கூட்டுக்குப் பூட்டுப் போடணும்."

ஹலீமாவின் உதடு துடித்தது.

மைமூன் பாயில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளைக்குப் போட்ட பாயில், உம்மாவின் கண் எதிரே உட்கார்ந்து, சஹனைத் தன் பக்கம் இழுத்தாள். ஒரு துண்டை எடுத்துச் சோற்றோடு பிசைந்து வாயில் போட்டாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. துடைக்காமலே மென்றாள். அறுத்த கோழியை வீணாக்குவது பாவம் என்று அந்த வீட்டில்தான் அவள் கற்றிருந்தாள்.

"உக்காருங்க மச்சான்" என்றாள் வாய் நிறையச் சோற்றோடு. "நம்ம கோழி. நாமதான் தின்னணும்."

ரவூப் மாமியைப் பார்த்தான். பிறகு மனைவிக்கு எதிரே உட்கார்ந்து, அதே சஹனில் கை வைத்தான். இருவரும் தலை குனிந்து சாப்பிட்டார்கள். யாரும் யாரையும் உபசரிக்கவில்லை.

ஹலீமா அங்கேயே நின்றாள். போய்விடலாம் என்று ஒரு அடி எடுத்து வைத்தாள். மைமூன் பக்கத்துச் சோறு ஆணம் இல்லாமல் வெள்ளையாக உதிர்ந்து கிடப்பதைப் பார்த்தாள். அடுக்களைக்குப் போய்ச் சட்டியை எடுத்து வந்தாள். குனிந்து, அகப்பையால் ஆணத்தை மொண்டு மகள் பக்கம் ஊற்றினாள். ஊற்றிய வேகத்தில் பாயெல்லாம் தெறித்தது. மைமூன் வேண்டாம் என்று சொல்லவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"வண்டி எப்ப வருது?" என்று ஹலீமா கேட்டாள். சட்டியைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"நாளைக்குப் பகல்ல வரச் சொல்லலாம்னு..." என்றான் ரவூப்.

"பகல்ல வேண்டாம். விடியக்காலையில வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவள் அடுக்களைக்குத் திரும்பினாள். "வெயில் ஏறினா கோழி தாங்காது."